இரவல் மூக்கு

ஊரையெல்லாம் வீட்டுக்குள் பூட்டிவைத்த அந்தப் பெரிய தொற்று வந்த சமயத்தில், சென்னையிலிருந்து என் மகள் போன் செய்தாள். காய்ச்சல் விட்டுவிட்டதாம், இருமலும் அடங்கிவிட்டதாம், ஆனால் காப்பிப்பொடி டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லையாம். "மண்ண மோந்து பாக்குற மாதிரிகூட இல்லப்பா. மண்ணுக்காவது ஒரு வாசனை இருக்கும்" என்றாள். பிறகு, நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டாள். "நீங்க டாக்டர்தானே, எப்பப்பா திரும்பி வரும்?"

மூன்று வாரம், நான்கு வாரம், பயப்படாதே என்றேன். அவளுக்கு அப்படியே வந்தும்விட்டது. ஒருநாள் காலையில் கூப்பிட்டு, கீழ் வீட்டில் யாரோ மீன் வறுக்கிறார்கள், தெரிகிறது என்று சொல்லி அழுதாள். பிறந்ததிலிருந்து மீன் வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற பெண் அவள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. உங்களிடம் மறைப்பானேன். எனக்கும் இதே மாதிரி ஒரு ஜுரத்தில் போனதுதான், நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது, போனது போனபடியே இருக்கிறது. கல்யாணமான புதிதில் என் மனைவி சாம்பாரை இறக்கி வைத்து "வாசனை எப்படி" என்று கேட்பாள், நான் "ஆஹா" என்பேன். பத்து நாள் கழித்து அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்து வீடெல்லாம் புகை மூட்டமாகும் வரை நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் அந்த ஆஹாவின் லட்சணம் அவளுக்குப் புரிந்தது. இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

ஆனால் பொறாமை வாசனைக்காக மட்டும் இல்லை. என் மகள் அதை வாய்விட்டுச் சொன்னாள். அலுவலகத்தில் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், எல்லாரும் "அய்யோ, எனக்கும்தான்" என்றார்கள். நான் சொல்லப் பயந்தேன். பயந்து மறைத்ததில் ஒரு மனிதரைக் கெடுத்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன். நடுவில் வேறெங்காவது போனால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. படிப்பை முடித்துவிட்டு முதல் வேலை. திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி. ஊர்ப் பெயர் வேண்டாம். பன்னிரண்டு கட்டில், ஒரு நர்ஸ், ஒரு கம்பவுண்டர், ஒரு ஆயா, நான் ஒரு டாக்டர். குடியிருந்தது திருவண்ணாமலையில், பெரிய கோயிலை ஒட்டிய தெருவில் ஒரு மாடி அறை. அப்போது பௌர்ணமிக்கு இந்தக் கூட்டமெல்லாம் கிடையாது. மலையைச் சுற்றி வந்தால் எதிரே நாலு சாமியாரும் இரண்டு வெள்ளைக்காரரும் வருவார்கள். காலையில் என் அறையிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன். கோபுர வாசலைத் தாண்டும்போது வௌவால் வாடை வரும். அடுத்தது கற்பூரக் கடை. அப்புறம் கடலை எண்ணெய் மில்லின் சூடான புண்ணாக்கு வாசனை, அது வந்தால் இடதுபக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவு நல்ல மூக்கு எனக்கு.

அந்த மூக்குக்கு ஒரு உத்தியோகமும் இருந்தது. மதுவிலக்கு மறுபடியும் வந்திருந்த காலம் அது. குடித்தவனைப் போலீஸ் பிடித்தால் நேராக எங்களிடம்தான் கூட்டிவருவார்கள். இப்போது மாதிரி ஊதுவதற்குக் கருவியா இருந்தது? டாக்டரின் மூக்குதான் கருவி. ஏட்டு அந்த ஆளை எதிரே நிறுத்தி "டாக்டரு மூஞ்சிக்கு நேரா ஊதுறா" என்பார். அவன் ஊதுவான். நான் முகர்ந்து பார்த்து, கண்ணைப் பார்த்து, ஒரு கோட்டில் நடக்கவிட்டு, அச்சடித்த தாளில் எழுதித் தர வேண்டும். வாயில் சாராய வாடை உண்டு, அல்லது இல்லை. அதை எங்கள் பக்கத்தில் குடிச் சர்டிபிகேட் என்பார்கள். கோர்ட்டில் அந்தத் தாள்தான் பேசும். பட்டைச் சாராயமா, வைத்தியர் கடை அரிஷ்டமா, வெறும் இஞ்சி டிஞ்சரா என்றுகூட நான் பிரித்துச் சொல்லிவிடுவேன். "எங்க டாக்டருகிட்ட ஒருத்தன் தப்ப முடியாது" என்று ஏட்டு ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான். மருத்துவம் படித்துவிட்டு வாய் நாற்றத்துக்குக் கர்வப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஐப்பசி மழையில் ஊர் முழுக்க ஒரு ஜுரம் பரவியது. விஷ ஜுரம் என்றோம், எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்கும் வந்து, ஒரு வாரம் படுத்து எழுந்தேன். வேலைக்குத் திரும்பிய அன்று ஊசி போடப் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தால் வாடையே இல்லை. எனக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மூக்கைச் சந்தேகப்படத் தோன்றவில்லை, கம்பவுண்டரைச் சந்தேகப்பட்டேன். அந்தக் காலத்தில் ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி வைக்கிறவர்கள் இருந்தார்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுல எவ்ளோ தண்ணி கலந்தீங்க?" என்று கேட்டேன். அம்பது வயது மனிதர், பழுத்த முருக பக்தர். ஒரு தட்டில் ஸ்பிரிட்டை ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டார். நீலமாகக் குப்பென்று எரிந்தது. அந்த வருஷம் முழுக்க அவர் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து சோப்பு, எண்ணெய், திருநீறு, அழுக்குச் சட்டை என்று எல்லாவற்றையும் முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்ததில் ஜுரத்துக்குப் பின் சிலருக்கு வரும், சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்று இரண்டே வரி இருந்தது. சரி, பத்து நாளில் வந்துவிடும் என்று காத்திருந்தேன். பத்து நாள் ஒரு மாதமானது. வேலையில் நான் இன்னும் நிரந்தரமாகவில்லை. முகர முடியாதவன் முகர்ந்து சான்றிதழ் கொடுக்கிறான் என்று தெரிந்தால் என்ன செய்வார்களோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. ஏட்டு ஆள் கொண்டுவந்தால், கண் சிவப்பையும் தள்ளாட்டத்தையும் வைத்து ஒப்பேற்றினேன். 

இதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் ஆயா அஞ்சலையம்மா. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அன்று நீ, வா, போ என்றுதான் பேசினேன், எல்லா டாக்டர்களும் அப்படித்தான் பேசினோம். இப்போது எழுதும்போது அவர் என்றுதான் கை வருகிறது. கணவர் பெங்களூரில் கொத்தனார் வேலை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார். இவர் மாமனாரோடு பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். வேலைக்கு வந்த புதிதில் எனக்கு இவர் மேல் ஒரு எரிச்சல். ஏழாம் நம்பர் கட்டிலுக்குப் பாலைக் கொடு என்றால், "ஆறுக்கு அடுத்த பெட்டுக்கா சார்?" என்பார். துணி எண்ணினால் "அஞ்சு, ஆறு, அதுக்கு மேல ஒண்ணு, எட்டு" என்று போகும். ஒருநாள் "உனக்கு ஏழுன்னு வாய்ல வராதா?" என்று கத்திவிட்டேன். நர்ஸ் என் காதருகே வந்து, "அவங்க மாமனாரு பேருல அது வருது சார், சொல்ல மாட்டாங்க" என்றார். அப்புறம் நானே ஆறுக்கு அடுத்த பெட் என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

கார்த்திகை கழிந்து ஒரு விவசாயி காலில் புண்ணோடு வந்தார். கட்டைப் பிரித்ததும் நர்ஸ் ஜன்னல் பக்கம் ஓடினார், கம்பவுண்டர் துண்டால் மூக்கைக் கட்டினார், புண்ணுக்கு உரியவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து நிதானமாகக் கழுவி மருந்து வைத்தேன். வாசலில் நின்ற ஜனங்கள் "தெய்வம் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கருணையே வடிவாக முகத்தை வைத்துக்கொண்டேன். எல்லாரும் போனபின் அஞ்சலையம்மா தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டார். "சார், உங்களுக்கு வாட தெரியலயா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. முழுவதையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "இதுக்கா சார் மொகம் இப்டி வாடிப்போயி கெடந்தீங்க. எனக்கு மூக்கு நல்லாத்தான இருக்குது" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது நான்தான்.

ஏற்பாடு இதுதான். ஏட்டு ஆள் கொண்டுவந்தால் அஞ்சலையம்மா ஒரு பேசின் தட்டோடு என் பக்கத்தில் வந்து நிற்பார், வாந்தி எடுத்தால் பிடிக்க என்று சாக்கு. அந்த ஆள் ஊதுவான். சாராய வாடை இருந்தால் அவர் முந்தானையை இழுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வார். இல்லையென்றால் சும்மா நிற்பார். ஒரு பெண்பிள்ளை குடிகாரன் எதிரில் மூக்கை மூடினால் யாருக்குச் சந்தேகம் வரும்? நான் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு எழுதுவேன். அவருடைய மூக்கு என்னுடையதைவிட நல்ல மூக்கு, அதனால் பொய் எழுதவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நான் மாட்டிக்கொண்டது எப்போது தெரிந்தது என்றால், அவர் வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் எனக்குத் திக்கென்றபோதுதான். என் மூக்கு சாயங்காலம் ஐந்து மணிக்கு டிபன் தூக்கோடு வீட்டுக்குப் போகிறது, நான் என்ன செய்ய? அதற்குப் பின் யாராவது வந்தால் ஜன்னி, தலைவலி, அவசர கேஸ் என்று ஏதாவது சொல்லிக் காலையில் கொண்டுவரச் சொல்வேன். ஏட்டு ஒரு மாதிரிப் பார்ப்பார். அஞ்சலையம்மாவுக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் நானே மாத்திரை கொடுத்து உட்காரவைத்துக்கொண்டேன். மாற்றல் கேட்கலாம் என்றால் போகிற இடத்தில் அஞ்சலையம்மா இருக்கமாட்டார். உண்மையைச் சொல்லலாம் என்றால் இதுவரை எழுதிய தாளெல்லாம் சந்தி சிரிக்கும். காலையில் பஸ் ஏறும்போதே கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டு போவது போல இருக்கும்.

சித்திரையில் அவர் ஐந்து நாள் லீவு கேட்டார். அவர்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கிறது, கடைசி நாள் தீமிதி. "இந்த வருசம் எங்க மாமாதான் காப்பு கட்டிக்கினு இருக்காரு சார். அவருதான் கரகம் எடுக்கணும். பதினஞ்சு நாளா ஒருவேளை சாப்பாடு. வூட்ல ஆள் வேணும்" என்றார். பூக்குழியில் முதலில் இறங்குகிறவர் கரகம் எடுப்பவர்தான். ஊரில் ஒருவருக்கு ஆயுளில் ஒருமுறை கிடைக்கிற மரியாதை. எனக்கு அதெல்லாம் தெரியும். தெரிந்தும், "நீ போயிட்டா இங்க யாரு பாக்குறது? தீமிதி அன்னிக்கி மட்டும் போ" என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, வெயில் உச்சிக்கு வந்த நேரம். வெளியே இன்னும் முப்பது பேர் வரிசையில். ஏட்டு ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, கண் சிவந்து கிடந்தது, நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரி கேட்டாண்ட உருண்டுக்கினு இருந்தாரு சார். காப்பு கட்டிக்கினு குடிக்கிறானுங்க பாருங்க" என்றார் ஏட்டு. பெரியவர் ஏதோ சொல்லப்பார்த்தார். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "டாக்டரய்யாவ பாக்கத்தான்…" என்பது மட்டும் கேட்டது. "அதான் பாத்துட்டியே, ஊது" என்றார் ஏட்டு.

பெயர் என்ன என்றேன். ஏழுமலை என்றார் ஏட்டு. எங்கள் பக்கத்தில் நாலு பேரை நிறுத்தினால் ஒருவர் ஏழுமலை. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பெரியவர் ஊதினார். சூடான காற்று முகத்தில் பட்டது, அவ்வளவுதான். ஓரக்கண்ணால் பார்த்தேன். அஞ்சலையம்மா முந்தானையை இழுத்து வாயை மூடியிருந்தார், முகத்தைக்கூடத் திருப்பிக்கொண்டிருந்தார். சரி, நல்ல குடிதான் என்று நினைத்து எழுதினேன். வாயில் சாராய வாடை உண்டு. கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினேன். மஞ்சள் வேட்டியும் கயிறும் என் கண்ணுக்கு எதிரேதான் இருந்தன. கண்ணை நம்பாமல் ஒரு புடவை ஓரத்தை நம்பினேன். அதை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஏட்டு அவரை அழைத்துக்கொண்டு படி இறங்கியதும் அஞ்சலையம்மா மேசைக்கு வந்தார். 

"இன்னா சார் எழுதுனீங்க?"

"வாட இருக்குன்னுதான். நீதான மூடுன?"

"நா மூக்க மூடல சார். அவரு எங்க மாமனாரு. அவரு எதிர்ல நா வேற எப்டி சார் நிக்கிறது?"

 மாமனார் எதிரில் மருமகள் முந்தானையை இழுத்துப் போர்த்தி, முகத்தைத் திருப்பி, வாய் மூடி நிற்பது எங்கள் வீட்டிலும் நான் பார்த்து வளர்ந்த மரியாதைதான். மூக்கைத் தவிர வேறு எதையும் யோசிக்காமல் போனதில் அது மறந்துவிட்டது. அவர் எதற்கு வந்தார் என்று கேட்டேன். "நீங்க லீவு தரலன்னு கதவுக்குப் பின்னால நின்னு சொன்னேன். நானே போயி டாக்டரு கால்ல விழுந்து கேக்கறேன்னு காலையிலயே சொல்லிக்கினு இருந்தாரு. பஸ்ல வெரதம் கெட்டுடும்னு நடந்தே வந்துட்டாரு போல" என்றார். போலீஸ் முன்னால் மருமகள் பெயரை இழுக்க வேண்டாம் என்று அந்த மனிதர் அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவர் எதிரே பேசிப் பழக்கமில்லாததால் இவரும் திறக்கவில்லை. பேசக் கூடாத என் பேனா மட்டும் பேசிவிட்டது.

ஏட்டு அப்போது எதிர் டீக்கடையைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. ஓடிப்போய்ப் பிடித்திருக்கலாம். ஜன்னல் வழியாக மஞ்சள் வேட்டி தெரிந்துகொண்டே இருந்தது. என்ன காரணம் சொல்லித் தாளைத் திருப்பி வாங்குவது என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் திருப்பத்தில் மறைந்துவிட்டார்கள். அஞ்சலையம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பாத்துக்குறேன்" என்றேன்.

சாயங்காலம் ஸ்டேஷனுக்குப் போனேன். பெரியவர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன். ஏட்டு கெட்டவர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். "சார், இதுல சந்தேகம்னா வக்கீலுங்க மத்ததுல எல்லாம் சந்தேகம் கேப்பாங்க. ஏன் சந்தேகம் வந்துச்சுன்னு உங்களையே கூண்டுல ஏத்திக் கேப்பாங்க. ஜாஸ்தி ஒண்ணும் இல்ல, ஒத்துக்கினா காலையில கம்மியா அபராதம் போட்டு விட்டுடுவாங்க" என்றார். கூண்டு என்ற வார்த்தையோடு நான் எழுந்துவிட்டேன். வெளியே வரும்போது பெரியவர் உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் பார்த்தார். நான் வேகமாக நடந்தேன்.

மறுநாள் அவர் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். ஒப்புக்கொள்ளாவிட்டால் தீமிதிக்குள் ஊர் போக முடியாதாம். ஆனால் அவர் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. அன்றே கோயில் வாசலில் வைத்து அவர் கைக் காப்பை அவிழ்த்துவிட்டார்கள். கரகம் பங்காளி வீட்டுக்கு மாறியது.

தீமிதி அன்று நான் அந்த ஊருக்குப் போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனேன். தப்பு என்னுடையது, எனக்கு வாசனை தெரியாது, நீங்கள் குடிக்கவில்லை. மூன்றே வாக்கியம். ஊரே மஞ்சள் துணியில் இருந்தது. பம்பை முழங்குகிறது, கட்டைகள் எரிந்து தணலாகிப் புகை மேலே போகிறது, எல்லாரும் கண்ணைக் கசக்குகிறார்கள். எனக்கும் கண் எரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

பெரியவர் கூட்டத்தில் இல்லை. தள்ளி ஒரு புளியமரத்தடியில், வெள்ளை வேட்டியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் மட்டும் மஞ்சளாக இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசினார். மரியாதைக்கா, தன் மூச்சு என் மேல் பட்டுவிடக் கூடாது என்றா, எனக்குத் தெரியவில்லை.

"டாக்டரய்யா, உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். தப்பா எடுத்துக்கக் கூடாது. பதினஞ்சு நாளா அந்த ஒருவேளை சோத்தத் தவிர நா பல்லுல ஒண்ணும் படாம இருந்தேன். அன்னிக்கி வர வழியில தண்ணிப் பந்தல்ல ஒரு சொம்பு மோரு குடுத்தாங்க, தாவம் தாங்காம வாங்கிக் குடிச்சிட்டேன். அதுல எதனா கலந்திருந்துச்சா? எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க மோந்து பாத்து எழுதுனவரு, உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு நின்றார். என் தாளை அவ்வளவு நம்பியிருந்தார். அதற்குள் டாக்டர் வந்திருக்கிறார் என்று நாட்டாமையும் பத்துப் பேரும் நாற்காலியும் சோடாவுமாக வந்துவிட்டார்கள். எல்லார் காதும் என் வாயில். அவர்களுக்குப் பின்னால் அஞ்சலையம்மா குடத்தோடு நின்றார். நான் வாயைத் திறந்தேன். மூன்று வாக்கியத்தில் ஒன்றுகூட வரவில்லை. "புளிச்ச மோரா இருந்திருக்கும். புளிச்சா அந்த வாட வரும்" என்றேன்.

அவரைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் அந்த நிமிஷம் நினைத்தேன். அவர் குடிக்கவில்லை என்று நாசூக்காகச் சொல்லிவிட்டேனாம். நாட்டாமை தலையை ஆட்டி, "காப்பு கட்டிக்கினு வெளிய வாங்கிக் குடிக்கலாமா ஏழுமல, அதான் அம்மா ஒத்துக்கல" என்றார். பெரியவர் "அப்ப வாட இருந்துச்சு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். பம்பை சத்தம் ஏறியது. பங்காளி கரகத்தோடு குழியில் இறங்கினார், எல்லாரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். பெரியவர் போகவில்லை. எனக்கு நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டுவிட்டு, "மருமவளுக்கு நாளைக்கு ஒரு நாள் லீவு குடுங்கய்யா, ரொம்ப அலுத்துட்டா" என்றார்.

அஞ்சலையம்மா வேலைக்குத் திரும்பினார். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே ஒருநாள், "உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். என் முந்தானதான எழுதுச்சு" என்றார். அதற்கப்புறம் ஏட்டு ஆள் கொண்டுவந்தால் அவர் அறைக்குள் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. மூக்கில் சீழ், முகர்வதில் சிரமம் என்று மேலே எழுதிப்போட்டேன். நான் நினைத்துப் பயந்த அளவுக்கு ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு மாதத்தில் காசநோய்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான் அந்தப் பூதம். இதை அன்றைக்கே எழுதியிருந்தால் என்ன என்று நினைத்து எத்தனையோ நாள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அந்த ஆஸ்பத்திரி மூன்று மாடி. ஏட்டுகள் கையில் ஊதுகிற கருவி வைத்திருக்கிறார்கள், அது எண் காட்டுகிறது. மருமகள்கள் மாமனாரோடு உட்கார்ந்து டி.வி. பார்க்கிறார்கள், ஏழு என்று தாராளமாகச் சொல்கிறார்கள். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஓய்வுக்குப் பின் வீட்டிலேயே கொஞ்சம் நோயாளிகளைப் பார்க்கிறேன். நான் எழுதிய மருந்தை வாசல்படியில் நின்றே போனில் தட்டிப் பார்த்து, திரும்ப வந்து, "இது எதுக்கு டாக்டர்?" என்று கேட்கிறார்கள். என் மனைவிக்குக் கோபம் வருகிறது. எனக்கு வருவதில்லை. உட்காரச் சொல்லி விளக்குகிறேன்.

அஞ்சலையம்மாவைக் கடைசியாகப் பார்த்தது எண்பதுகளின் நடுவில், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில். அதற்குள் மதுவிலக்கும் போய், சாராயக் கடை சர்க்கார் ஏலத்திலேயே நடந்துகொண்டிருந்தது. தலை நரைத்திருந்தார், இடுப்பில் ஒரு பேரக் குழந்தை. மாமனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவரு போயி ரெண்டு வருசம் ஆவுது சார். அதுக்கப்புறம் காப்பே கட்டிக்கல. வெளிய எங்கயும் ஒரு முழுங்கு தண்ணி வாங்கிக் குடிச்சது இல்ல, கல்யாண வூட்லகூட. சாவறதுக்கு மொத நாளு என்னக் கூப்ட்டு கேட்டாரு. 'அன்னிக்கி நீயும் பக்கத்துலதான நின்ன, உனக்கு வாட வந்துச்சா'ன்னு. அவரு எதிர்ல நா நிமுந்து பேசுனவ இல்ல. அன்னிக்கி பேசினேன். 'சத்தியமா வரல மாமா'ன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு சார். 'எம் மேல இருக்குற பாசத்துல சொல்ற. படிச்ச மனுசன் எங்கனா பொய் எழுதுவாரா'ன்னாரு."